மேலாளர் டீ சொன்னால் கடன் கிடையாது

போன ஞாயிற்றுக்கிழமை நாஷ்டா சாப்பிடும்போது பாபு என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். "இத்தினி வருசம் பேங்க்லியே தான இருந்த நைனா? இந்த மானியக் கடன் எப்டி வாங்கறதுன்னு உனுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் அக்கா கலா முந்திக்கொண்டாள். "நைனாவுக்கு டீ வாங்கினு வரத்தான் தெரியும். அவரப் போய்க் கேக்கிறியே."

இரண்டு பேரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் பிள்ளைகளே, கலா சொன்ன டீயில்தான் பாபு கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது. நேரில் சொன்னால் பாதியில் செல்போனை எடுத்துவிடுவீர்கள். அதனால் எழுதிவைக்கிறேன்.

பாபு வேளாண்மைப் பட்டம் வாங்கியிருக்கிறான். படித்த படிப்பை வைத்து விவசாயிகளுக்கு ஒரு சேவை மையம் நடத்த ஆசைப்படுகிறான். அந்த ஆசைக்கென்றே அரசிடம் ஒரு திட்டம் இருக்கிறது. படித்த பிள்ளை மண்ணைப் பரிசோதித்துச் சொல்லுவான், நாற்று வளர்த்துக் கொடுப்பான், மெஷினை வாடகைக்கு விடுவான். வங்கி அவனுக்குக் கடன் கொடுக்கும். கடனில் ஒரு பங்கை அரசு மானியமாகக் கொடுக்கும். எல்லாரும் நன்றாக இருப்பார்கள். இந்தத் திட்டத்தை எழுதியவர் தங்கமான மனிதராகத்தான் இருக்க வேண்டும். என்ன, அவர் எங்கள் கிளைப் பக்கம் ஒரு நாளும் வந்ததில்லை.

இப்போது எல்லாமே செல்போனில் வந்துவிட்டதாம். அதிகாரி நேரில் வர வேண்டாம், மெஷினை நாமே படம் பிடித்து ஏற்றினால் போதும் என்கிறான் பாபு. ஒரே ஒரு நிபந்தனை, படம் அசையக்கூடாதாம். அசைந்த படத்தைச் செயலி வாங்காதாம். இதைக் கேட்டதும்தான் எனக்கு எஸ்தரின் ஞாபகம் வந்தது.

எஸ்தரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திருவள்ளூர்க் கிளையில் நான் கடைநிலை ஊழியன். எட்டாவது படித்தவனுக்கு அது பெரிய வேலை. என் பயிற்சிக் காலம் ஒரே ஒரு காலைப்பொழுது. எனக்கு முன்னால் அங்கே இருந்தவர் சாவிக்கொத்தை என் கையில் கொடுத்து, "சார் மணி அடிச்சா உள்ள போ. வெளிய வரசொல்ல கதவ சாத்து. உள்ள கேட்டத வெளிய சொல்லாத" என்றார். முதல் இரண்டையும் ஓய்வு பெறும்வரை காப்பாற்றினேன். மூன்றாவதை இன்றைக்கு உங்களுக்காக மீறுகிறேன்.

நான் பார்த்த மேலாளர்களில் வரதராஜன் சார் மாதிரி நாகரிகமானவர் கிடையாது. "இல்லை" என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதேயில்லை. யார் கடன் கேட்டு வந்தாலும் உட்காரவைப்பார். அவர்கள் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசமாட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றுவார். மடித்த கைக்குட்டையை எடுத்து, ஒரு கண்ணாடிக்கு ஒரு பக்கம், அடுத்த கண்ணாடிக்கு மறுபக்கம் என்று துடைப்பார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து மறுபடியும் மாட்டிக்கொள்வார். "ரொம்ப நல்ல யோசனை. நாட்டுக்கு உங்கள மாதிரி ஆளுங்கதான் வேணும்" என்பார். கை மணிக்குப் போகும். நான் உள்ளே போவேன்.

"சாருக்கு ஒரு டீ சொல்லுப்பா."

அவ்வளவுதான். அந்தக் கடன் செத்தது.

கடன் கொடுக்கப்போகிறவருக்கு அவர் டீ சொல்லமாட்டார். அவரிடம் கையெழுத்து வாங்கவே பொழுது போதாது, டீ குடிக்க ஏது நேரம்? கொடுக்க மனமில்லாதவருக்குத்தான் எதையாவது கொடுத்தனுப்ப வேண்டும் என்று சாருக்குத் தோன்றும். முன்னால் வேலை பார்த்த கிளையில் கொடுத்த கடன் ஒன்று திரும்பி வராமல் போய், தணிக்கைக்காரர்கள் அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்களாம். அதிலிருந்து அவருக்குக் கடனைவிட டீ பாதுகாப்பானது.

இது கிளையில் எல்லாருக்கும் தெரியும். வாடிக்கையாளருக்கு மட்டும்தான் தெரியாது. நான் தம்ளரோடு கவுண்டரைத் தாண்டும்போது கேஷியர் தலையைத் தூக்கி, "யாருப்பா இன்னிக்கு?" என்பார். துக்க வீட்டில் விசாரிக்கிற குரல். நான் கண்ணாலேயே உள்ளே இருப்பவரைக் காட்டுவேன். அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டு மறுபடியும் நோட்டு எண்ணப் போய்விடுவார்.

எஸ்தர் முதல் தடவை வந்த அன்றும் அப்படித்தான். கடம்பத்தூருக்கு உள்ளே ஒரு ஊர். அவள் அப்பா முன்பு உங்கள் தாத்தாவைப் போலவே அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர். இப்போது ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறார். அவர் கழுவிய பாத்திரத்தில்தான் அந்தப் பெண் வேளாண்மை படித்தாள். திட்டத்துக்கான இரண்டு மாதப் பயிற்சியும் முடித்து, சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துவந்திருந்தாள்.

"எங்கூர்ல நாத்து நட ஆளே இல்ல சார்" என்று அவள் சொன்னது கதவுக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது. "காலீல கம்பெனி வேன் வந்து எல்லா பொம்பளைங்களையும் ஏத்திக்கினு போய்டுது. நான் நடவு மெஷின் வாங்கி வாடகைக்கு விடறேன். மெஷினுக்கு ஏத்த மாதிரி தட்டுல நாத்து வளத்து நானே குடுக்கறேன்."

சார் கண்ணாடியைத் துடைத்தார். நாட்டுக்கு அவளைப் போன்றவர்கள்தான் வேண்டும் என்றார். மணி அடித்தது.

டீயைக் குடித்துவிட்டு வெளியே வந்தவள் என்னிடம் சொன்னாள்: "பேங்க்னா வெரட்டுவாங்கன்னு பயந்துக்கினே வந்தேன் அங்கிள். டீ எல்லாம் குடுக்கறாங்க!"

நான் தம்ளரை வாங்கிக்கொண்டேன்.

டீ கொடுத்தால் கதை முடிந்தது என்பது சார் கணக்கு. டீ கொடுக்கிற அளவுக்கு மரியாதை இருக்கிறது, இன்னும் கொஞ்சம் அலைந்தால் கிடைத்துவிடும் என்பது எஸ்தர் கணக்கு. அவள் வந்துகொண்டே இருந்தாள். சார் கேட்காத சான்றிதழையெல்லாம் கேட்டதாக நினைத்துக்கொண்டு கொண்டுவந்தாள். சாரும் சளைக்காமல் டீ சொன்னார். எங்கள் கிளையில் அவள் அளவுக்கு டீ குடித்த வாடிக்கையாளர் வேறு யாரும் இருக்கமுடியாது.

கடைசியில் அவளுக்குக் கடன் கொடுத்தது அவள் தகுதியும் இல்லை, சாரின் மனசும் இல்லை. மார்ச் மாதம். ஒவ்வொரு கிளையும் இந்தத் திட்டத்தில் ஒரு கடனாவது கொடுத்தே தீர வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஓலை வந்தது. சார் வேளாண் பட்டதாரிக்கு எங்கே போவார்? அப்போது அறைக்கு வெளியே பெஞ்சில் ஒரு வேளாண் பட்டதாரி பிளாஸ்டிக் உறையோடு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு டீ இல்லை. கையெழுத்துப் போட்டே அவள் விரல் சிவந்துபோனது, டீ வராததை அவள் கவனிக்கவில்லை.

அடமானம் எதுவும் தேவையில்லை என்று திட்டத்தில் எழுதியிருந்தது. சார் படித்துப் பார்த்துவிட்டு, "தேவையில்லதான். ஆனா ஒரு பிடிமானத்துக்கு இருக்கட்டுமே" என்றார். எஸ்தரின் அப்பா வேட்டி மடிப்பிலிருந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தார். ஓடு போட்ட ஒற்றை அறை வீடு. அந்தக் குடும்பத்தில் பத்திரம் என்று ஒன்று வந்ததே அந்தத் தலைமுறையில்தான்.

மானியம் என்றதும் பணம் கையில் வரும் என்று நினைக்காதே பாபு. அது சென்னையில் இருக்கிற ஒரு அலுவலகத்திலிருந்து எங்கள் வங்கிக்கு வரும். வந்து, தனிக் கணக்கில் கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி மாதிரி உட்கார்ந்திருக்கும், யாரும் தொடக்கூடாது. சென்னை அதிகாரியும் எங்கள் மேலாளரும் சேர்ந்து நேரில் போய்ப் பார்த்து, மையம் சரியாக நடக்கிறது என்று எழுதினால் கடனில் கழிப்பார்கள். இல்லாவிட்டால் வந்த வழியே திரும்பிவிடும். எஸ்தருக்குத் திரும்பிவிட்டால் முழுக் கடனும் அவள் தலையில். மாதத் தவணை தாங்காது. முதலில் மெஷின் போகும், பிறகு வீடு போகும்.

இதில் பலகைதான் ரொம்ப முக்கியம். இன்ன திட்டத்தில், இன்ன வங்கியின் உதவியோடு நடக்கும் மையம் என்று மஞ்சள் தகரத்தில் நீல எழுத்தில் எழுதி மாட்ட வேண்டும். ஆய்வு நாளில் பலகை, மெஷின், கடன் வாங்கியவர், அதிகாரிகள் எல்லாரும் ஒரே படத்தில் இருக்க வேண்டும். படத்தில் இருந்தால் மையம் நடக்கிறது. இல்லையென்றால் நடக்கவில்லை. விவசாயி யாராவது படத்தில் இருக்க வேண்டுமா என்று நான் ஒரு தடவை சாரிடம் கேட்டேன். "அதெல்லாம் கேக்கலப்பா" என்றார்.

ஆய்வுக்குச் சென்னை அதிகாரி காரில் வந்து இறங்கினார். கறுப்பு ஷூ, முகம் பார்க்கலாம். கூட வர வேண்டிய வேளாண்மைத் துறைக்காரர் மீட்டிங்கில் இருந்தார். அவர் எப்போதும் மீட்டிங்கில்தான் இருப்பார், கையெழுத்து மட்டும் பின்னால் வந்து சேரும். "பக்கத்துலதான திருப்பாச்சூர்? இவ்வளவு தூரம் வந்துட்டு சாமி பாக்காமப் போனா நல்லாருக்காது" என்றார் அதிகாரி. எனவே களஆய்வு கோயிலில் தொடங்கியது. அர்ச்சனைத் தட்டை நான்தான் ஏந்தினேன்.

அங்கிருந்து எளாவூர். அங்கே தினகர் என்ற பட்டதாரி எங்கள் வங்கியின் இன்னொரு கிளையில் இதே கடனை வாங்கி மையம் வைத்திருந்தார். சோதனைச்சாவடியில் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். பிள்ளைகளே, மையம் என்றால் அதுதான் மையம். தரையில் டைல்ஸ். மண் பரிசோதனைப் பெட்டி சீல் உடைக்காமல் கண்ணாடி அலமாரியில் இருந்தது. கம்ப்யூட்டருக்கு உறை போட்டிருந்தது. நடுவில் பவர் டில்லர், சந்தனப் பொட்டு வைத்து மாலை போட்டு நின்றது. புது டயரில் இருக்கிற ரப்பர் முடி ஒன்றுகூட உதிரவில்லை. சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சிலந்தி வலை கட்டி நிம்மதியாகக் குடியிருந்தது.

"பர்ஃபெக்ட்! இதுதான் மாடல் யூனிட்" என்று தினகரின் கையைப் பிடித்துக் குலுக்கினார் அதிகாரி. பலகை, மெஷின், ஆட்கள் எல்லாம் ஒரே படத்தில் அழகாக விழுந்தன.

நான் எதிர்ப் பெட்டிக்கடையில் சாருக்குப் பாக்கு வாங்கப் போனேன். கடைக்காரர், "இன்னா, ஆபீசருங்க வந்துக்கிறாங்களா?" என்றார்.

"எப்டிக் கண்டுபுடிச்சீங்க?"

"கடை தொறந்துகிதே! அந்தப் புள்ளைக்கு கும்மிடிப்பூண்டி கம்பெனில வேல. ஆபீசருங்க வந்தாத்தான் லீவு போட்டு வந்து தொறக்கும்."

பாக்கை வாங்கிக்கொண்டு வந்து சாரிடம் கொடுத்தேன். உள்ளே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்றுதான் எனக்குப் பயிற்சி. வெளியே கேட்டதை உள்ளே சொல்லச் சொல்லி யாரும் கற்றுத்தரவில்லை.

சாப்பாடு முடிந்து நாங்கள் எஸ்தர் ஊருக்குப் போகும்போது வெயில் சாய்ந்துவிட்டது. தகரக் கொட்டகை. வாசலில் நாற்றுத் தட்டுகள் அடுக்கியிருந்தன. பலகை பளிச்சென்று மாட்டியிருந்தது. மெஷின் இல்லை. முழங்கால்வரை சேற்றோடு எஸ்தர் ஓடிவந்தாள்.

"மெஷின் எங்கம்மா?" என்றார் அதிகாரி.

"வயல்ல ஓடிக்கினு இருக்கு சார். காலீல வரீங்கன்னு மதியம் வரைக்கும் நிறுத்தி வெச்சிருந்தேன். வரல. அதான் எடுத்துக்கினு போய்ட்டேன்."

"யூனிட்ல இருக்கணும்ல?"

"யூனிட்ல இருந்தா எப்டி சார் நடும்?"

அவள் எதிர்த்துப் பேசவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள். அதிகாரி சார் பக்கம் திரும்பினார். சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதோ, அந்தப் பனமரத்துக்கு அந்தாண்டதான் சார். வரப்புல நடந்தா வந்துர்லாம்" என்றாள் எஸ்தர். அதிகாரி வரப்பைப் பார்த்தார். பிறகு தன் ஷூவைப் பார்த்தார். "ஆய்வு விலாசத்துலதாம்மா பண்ண முடியும். வயலுக்கு ஏது விலாசம்?" என்றார். காரில் உட்கார்ந்து எழுதினார்: இயந்திரம் மையத்தில் இல்லை. மையம் இயங்குவதாகத் தெரியவில்லை.

ஓடாத மெஷின் இயங்குகிறது, ஓடுகிற மெஷின் இயங்கவில்லை. அரசாங்கத் தமிழ் படிக்க எனக்கு எட்டாவது போதாது என்று அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து எஸ்தர் கிளைக்கு வந்தாள். கதவுக்கு வெளியே நின்று நான் மணி அடிக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அடித்தது.

"பொண்ணுக்கு ஒரு டீ சொல்லுப்பா."

கவுண்டரைத் தாண்டும்போது கேஷியர் தலையைத் தூக்கினார். யார் என்று கேட்கவில்லை. உள்ளே சார் சொல்லிக்கொண்டிருந்தார்: "மறு ஆய்வுக்கு எழுதிருக்கேன்மா. நம்பிக்கையா இரு." எஸ்தர் டீயை ஊதி ஊதிக் குடித்தாள். வெளியே வந்ததும், "சார் மட்டும் இல்லேன்னா நான் இன்னாவாயிருப்பேன் அங்கிள்?" என்றாள். எனக்குத் தம்ளரைக் கழுவப் பிடிக்கவில்லை.

ஆனால் சென்னையிலிருந்து நிஜமாகவே பதில் வந்தது. வரும் வாரம் ஏதோ ஒரு நாள் அதிகாரி வருவார், அதுவரை இயந்திரம் மையத்தை விட்டு நகரக்கூடாது. எந்த நாள் என்று எழுதவில்லை. எழுதினால் ஏமாற்றிவிடுவார்களாம்.

எஸ்தர் மெஷினைக் கழுவித் துடைத்துக் கொட்டகையில் நிறுத்தினாள். நவரைப் பட்டத்து நடவு நேரம், ஊரெல்லாம் சேறடித்துத் தண்ணீர் கட்டி நிற்கிறது. தட்டில் வளர்க்கிற நாற்று, வயலில் விடுகிற நாற்று மாதிரி காத்திருக்காது. நாள் தாண்டினால் வேர் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், மெஷின் பிய்த்து நடும்போது கிழிந்துபோகும். திங்கள் போனது, செவ்வாய் போனது, அதிகாரி வரவில்லை. தட்டுகளில் நாற்று முற்றிக்கொண்டே வந்தது.

வியாழக்கிழமை காலையில் எங்கள் கிளைக்குள் ஒரு பெரியவர் தலைப்பாகையோடு நுழைந்தார். பெயர் முனிரத்தினம், எஸ்தர் ஊர் விவசாயி. நான் தடுப்பதற்குள் மேலாளர் அறைக் கதவைத் தள்ளிவிட்டார்.

"யார் நைனா இங்க மேனேஜரு? எங்க மெஷின இன்னாத்துக்குக் கட்டிப்போட்டுக்கிறீங்க? அது இன்னா கடிக்கிற நாயா?"

சார் எழுந்துவிட்டார். "உக்காருங்க பெரியவரே. இது ஒரு நடைமுறை..."

"உன் நடைமுறைய நீ வெச்சிக்க. நாத்து முத்திப்போச்சு. இன்னிக்கு நட்லன்னா மாட்டுக்குத்தான் போடணும். அந்தப் பொண்ணு அழுதுகினு கீது, ஆபீசர் வந்தா ஊடு பூடும்னு. நான் கேக்கறேன், நட்றதுக்குத்தான மெஷின் குடுத்தீங்க? கொலு வெக்கறதுக்கா?"

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். "நீங்க சொல்றது ரொம்ப நியாயம். உங்கள மாதிரி விவசாயிங்கதான்..." கை தானாக மணிக்குப் போனது. "ஒரு டீ..."

"டீ இன்னாத்துக்கு நைனா? டீ குடிச்சா நாத்து நட்டுக்குமா? பேஜாரு பண்ணாத. மெஷின எடுத்துனு போகச் சொல்லு, அவ்ளோதான்."

பிள்ளைகளே, அந்த அறையில் டீ வேண்டாம் என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சாருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். டீக்கு அப்புறம் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. மணியின் மேல் வைத்த கையை எடுக்காமல் நின்றார். பிறகு, "நான் சொல்லித்தான் அந்தப் பொண்ணு எடுக்கணுமா? அவளே எடுத்துட்டுப் போயிருக்கலாமே" என்று முனகினார்.

"எடுத்துக்கினு போய்ட்டா. காலீலயே எங்கழனில எறக்கியாச்சு. ஊடு போனாலும் போது, நாத்து போவக்கூடாதுன்ட்டா. உன்னாண்ட சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு முனிரத்தினம் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கதவை நான் சாத்திக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. சென்னை அதிகாரி. கடம்பத்தூர் வந்துவிட்டாராம். நேராக யூனிட்டுக்குப் போகிறாராம்.

சாரும் நானும் ஜீப்பில் கிளம்பினோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கொட்டகை முன்னால் அதிகாரி இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். மெஷின் இல்லை. இந்தத் தடவை பலகையும் இல்லை. சுவரில் நான்கு ஆணி மட்டும் இருந்தது.

"என்ன சார் இது? போர்டையே கழட்டிட்டாங்க!" என்றார் அதிகாரி.

பனைமரத்துக்கு அந்தப் பக்கம், பச்சைக்கு நடுவில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. எஸ்தர் பலகையைக் கழற்றி இரண்டு மூங்கிலில் கட்டி முனிரத்தினம் வயல் வரப்பில் நட்டுவைத்திருந்தாள். பலகையும் மெஷினும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றுதானே கேட்டார்கள்? மெஷின் பலகையிடம் வரமுடியாது. பலகை வயலுக்குப் போய்விட்டது.

சார் அதைப் பார்த்தார். பிறகு குனிந்து ஷூவைக் கழற்றினார். சாக்ஸை உருட்டி ஷூவுக்குள் வைத்தார். ஷூவை என்னிடம் கொடுத்துவிட்டு, பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டினார். கண்ணாடியைத் துடைக்கிற அதே நிதானம். "வாங்க சார், போர்டு அங்க இருக்கு" என்று வரப்பில் இறங்கி நடந்தார். மேலாளரே நடக்கும்போது அதிகாரி என்ன செய்வார்? அவரும் வந்தார், ஷூவோடு.

நடந்து தள்ளுகிற நடவு மெஷின் அது. எஸ்தர் பின்னால் பிடித்துக்கொண்டு சேற்றில் போய்க்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் முகம் செத்துவிட்டது. ஆனால் கையை எடுக்கவில்லை.

"நிறுத்தும்மா, ஒரு போட்டோ!" என்று கத்தினார் அதிகாரி.

கத்தியது வயலுக்குத் திரும்பியிருந்த முனிரத்தினம் காதில்தான் விழுந்தது. "நிறுத்தக் கூடாது! தண்ணி மோட்டாருக்குக் கரண்டு பூடும். தட்டு வெயில்ல காயுது. போட்டோ வேணும்னா ஓட்டிக்கினே எடு!"

அதிகாரி செல்போனை என் கையில் திணித்தார். "நீ எடுப்பா. பலகை பக்கமா வரும்போது டக்குனு எடு." நான் ஒரு கையில் சாரின் ஷூவோடும் ஒரு கையில் செல்போனோடும் வரப்பில் நின்றேன். மெஷின் பலகையைத் தாண்டும். நான் அமுக்குவதற்குள் போய்விடும். வயலைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் வர வேண்டும். ஒரு தடவை படத்தில் எஸ்தர் இருந்தாள், அதிகாரி இல்லை. ஒரு தடவை எல்லாரும் இருந்தார்கள், மெஷினின் மூக்கு மட்டும் இருந்தது. ஒரு தடவை முனிரத்தினத்தின் தலைப்பாகை மட்டும் விழுந்தது. நாற்று தீர்கிற நேரத்தில் ஒன்று கிடைத்தது. பலகை தெளிவாக இருந்தது. சார் கணுக்கால்வரை சேற்றில் நின்றார். அதிகாரி கண்ணை மூடியிருந்தார். மெஷினும் எஸ்தரும் மட்டும் தண்ணீரில் கரைத்த சாயம் மாதிரி இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

அந்தப் படம் சென்னைக்குப் போய், போன வேகத்தில் திரும்பி வந்தது. படம் தெளிவாக இல்லை. இயந்திரம் அடையாளம் காணும்படி இல்லை. தகுந்த விளக்கம் தராவிட்டால் மானியம் திரும்பப் பெறப்படும்.

அந்தக் காகிதத்துக்குச் சார் பதில் எழுத உட்கார்ந்தார். சாயங்காலம் எல்லாரும் போன பிறகும் அறையில் விளக்கு எரிந்தது. பூட்டப் போன என்னைக் கூப்பிட்டு, எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினார். அவர் என்னிடம் ஒன்றைப் படித்துக் காட்டியது அந்த ஒரு தடவைதான். "இயந்திரம் இயங்கிக்கொண்டிருந்ததால் படம் அசைந்துள்ளது. அசையாத இயந்திரங்களின் படங்கள் தங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே போதுமான அளவு உள்ளன. மையம் இயங்குவதை நான் நேரில் கண்டேன்." கீழே முழுக் கையெழுத்து.

"சரியா இருக்காப்பா?" என்றார்.

"சார், நடுவுல இருக்கிற வரி..."

"அது இருக்கட்டும்" என்றார். உறையை அவரே ஒட்டினார்.

அப்புறம் பல நாள் எந்தச் சேதியும் இல்லை. தினமும் தபால் வரும்போது சார் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். ஒரு நாள் எஸ்தரை வரச்சொல்லிப் போன் பண்ணச் சொன்னார். என்ன சேதி என்று என்னிடம் சொல்லவில்லை. அவர் முகத்தில் எதையும் படிக்கமுடியாது. அவர் முகம் எனக்கு என்றைக்கும் தபால் பெட்டிதான்.

எஸ்தர் வந்தாள். கூடவே அவள் அப்பாவும் வந்தார், கேன்டீன் சீருடையோடு. இருவரும் உள்ளே போனார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். கேஷியர் எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் மணியைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அந்த மணி அடிக்காமல் இருந்த நேரம் எவ்வளவு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உள்ளே காகிதம் புரளும் சத்தம் கேட்டது. சார், "இங்க ஒரு கையெழுத்து. இங்க ஒண்ணு. அப்பா, நீங்களும் போடுங்க" என்று சொல்வது கேட்டது. கடைசிவரை மணி அடிக்கவில்லை.

கதவு திறந்தது. அவள் அப்பா வீட்டுப் பத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். மானியம் கழிந்துவிட்டது, இனி பிடிமானம் வேண்டாம் என்று சார் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். எஸ்தர் எனக்குப் பக்கத்தில் நின்று நான் டீத் தம்ளர் வைக்கிற காலி மேஜையைப் பார்த்தாள்.

"இன்னா அங்கிள், இன்னிக்கு டீ இல்லியா?"

"இல்லம்மா."

"வேல முடிஞ்சதும் மரியாத பூட்ச்சா?" என்றாள். அவளுக்கு நிஜமாகவே மனசு சுருங்கிவிட்டது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள். நான் கேஷியரைப் பார்த்தேன். அவர் சிரிப்பை அடக்கமாட்டாமல் கவுண்டருக்குக் கீழே குனிந்துகொண்டார்.

பாபு, உனக்கு நான் சொல்ல வேறொன்றும் இல்லை. படத்தை ஏற்றிப் பார். செயலி வாங்காவிட்டால் கிளைக்கு நேரில் போ. அங்கே யாராவது உனக்கு டீ சொன்னால் குடித்துவிட்டு வா. சொல்லாவிட்டால் எனக்குப் போன் பண்ணு, வீட்டில் நான் போடுகிறேன்.